நாற்பத்தொன்றாம் எண்

பாஞ்சாலையின் பையைக் கவிழ்த்துக் கொட்டியபோது ஒரு டிபன் பாக்ஸ், இரண்டு பஸ் டிக்கெட், ஒரு சீப்பு, குழந்தைக்கு வாங்கிய சிலேட்டுப் பல்பப் பெட்டி ஒன்று, இவ்வளவுதான் விழுந்தன. போர்டு எதுவும் இல்லை. பன்னிரண்டு பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். எனக்கு ஓரிடத்தில் நிற்க வராது. அன்றைக்கும் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டு, இது சீக்கிரம் முடிந்தால் தேவலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவளைப் பற்றி முதலாளியிடம் முதன்முதலில் புகார் சொன்னவன் நான்தான்.

எங்கள் முதலாளி சிவப்பிரகாசம் ஆரணியில் மூன்று தலைமுறையாகப் பட்டு வியாபாரம் செய்த குடும்பம். எண்பத்தைந்தாம் வருஷத்தில் என்ன தோன்றியதோ, சந்தவாசல் போகிற ரோட்டில் ஒரு ஷெட் போட்டு, டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளுக்கான பவர் சப்ளை போர்டுகள் செய்ய ஆரம்பித்தார். பெங்களூர் கம்பெனி ஒன்று ஆர்டர் கொடுத்தது. இந்த ஊரில் இதற்கெல்லாம் ஆள் கிடைக்குமா என்று கேட்டவர்களிடம், ஜரிகை இழையைக் கண்ணாலேயே எண்ணுகிற ஊரில் சால்டரிங் செய்ய ஆளா இல்லை என்றாராம். அது சரிதான். ஆனால் பட்டுக்கடையிலிருந்து இன்னொன்றையும் அவர் கூடவே கொண்டுவந்துவிட்டார். சேலையை விரித்துப் பார்க்கும்போது பழுது தெரிந்தால், அது நெய்து கொண்டுவந்தவனுடைய பழுது. நூலிலேயே இருந்ததா, சாயம் போட்ட இடத்தில் வந்ததா என்று அங்கே விசாரணை கிடையாது. எங்கள் ஷெட்டிலும் அதே சட்டம்தான். யார் பெயர் போட்ட சீட்டில் பிழை வந்ததோ, அவருடைய பிழை அது.

சீட்டு என்றால் டெஸ்ட் பெஞ்சில் அச்சாகி வருகிற துண்டுக் காகிதம். பெஞ்சில் வெளிநாட்டு மீட்டர் ஒன்று இருந்தது. அதை யாரும் கையால் திருகுவதில்லை. பக்கத்தில் இருக்கும் கம்ப்யூட்டர் ஒரு தடித்த ஒயர் வழியாக அதனிடம் கேள்வி கேட்கும். மீட்டர் அளந்து பதிலைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். கம்ப்யூட்டர் மறுபடி போய் அதை வாங்கிக்கொள்ள வேண்டும். போர்டை ஜிக் என்கிற சட்டத்தில் பொருத்தி ஒரு பட்டனை அழுத்தினால், இப்படி ஐந்து அளவுகளும் கடைசியில் ஒரு எர்ரர் எண்ணும் சீட்டில் வரும். மேலே ஓட்டியவரின் முதலெழுத்து இருக்கும். எர்ரர் பூஜ்யம் என்றால் போர்டு பச்சை ட்ரேக்குப் போகும். வேறு எந்த எண் வந்தாலும் சிவப்பு ட்ரே.

அந்தப் புரோகிராமை எழுதியவன் வெம்பாக்கத்து வேணுகோபாலாகிய நான். ஷெட்டில் டிப்ளமா படித்தவன் நான் ஒருவன்தான், அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது. தீபாவளிக்கு முன்னால் வந்திருந்த பெங்களூர் இன்ஸ்பெக்டர், இந்த பெஞ்ச் ஒழுங்காக ஓடட்டும், உன்னை அங்கே கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதிலிருந்து எனக்கு ஆரணியில் இருப்புக்கொள்ளவில்லை.

அடுத்த ஆர்டருக்கு வேறு மாதிரி போர்டு. அதற்கும் புரோகிராம் எழுதிவைத்துவிட்டால் இன்ஸ்பெக்டர் வாயைப் பிளப்பார் என்று, திங்கட்கிழமையிலிருந்து காலை ஏழரைக்கே வந்து மீட்டருக்கு முன்னால் உட்கார்ந்தேன். புரோகிராமை ஓட்டாமல் கட்டளைகளை நானே கீபோர்டில் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பேன். ஒன்பது மணிக்குப் பாஞ்சாலை வந்ததும் இடத்தை விட்டு எழுந்துவிடுவேன். காலையில் அவளும் மதியத்தில் தேவகியும் டெஸ்ட் பெஞ்சில் உட்காருவார்கள்.

அந்தத் திங்கட்கிழமையே பாஞ்சாலையின் சீட்டுகளில் எர்ரர் வந்தது. நாற்பத்தொன்று, நாற்பத்தொன்று என்று வரிசையாக. பதினாறு போர்டு சிவப்பு ட்ரேக்குப் போனது. மதியம் தேவகி உட்கார்ந்தாள், ஒன்றுகூட வரவில்லை. செவ்வாயும் அப்படியே, புதனும் அப்படியே. ரிப்பேர் மேசையில் இரண்டு பேர் உட்கார்ந்து நல்ல சால்டரைச் சுரண்டிச் சுரண்டி மறுபடி வைத்துக்கொண்டிருந்தார்கள், எந்தப் பழுதும் அகப்படவில்லை. எனக்கு எரிச்சல் மண்டையில் ஏறியது. நாற்பத்தொன்று என்றால் என்ன என்று நான் பார்க்கவில்லை. போர்டு ஜிக்கில் சரியாக உட்காராவிட்டால் வருவதாக இருக்கும் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். முதலாளியிடம் போய், அந்தப் பெண்ணுக்குக் கை சரியில்லை, அடுத்த மாதம் நிரந்தரம் செய்வதற்கு முன்னால் யோசித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

புதன் மதியம் பாஞ்சாலை என்னிடம் வந்தாள். வயது இருபத்தெட்டு இருக்கும். சந்தவாசல் பக்கம், பத்தாவது வரை படிப்பு. புருஷனுக்கு லாரியில் மூட்டை ஏற்றப் போய் இடுப்பு விழுந்துவிட்டது, வீடு அவள் சம்பளத்தில்தான் ஓடியது. கையில் மூன்று நாள் சீட்டுகளையும் நூல் போட்டுக் கட்டி வைத்திருந்தாள்.

“சார், மொத பதினாறுதான் சார் இப்படி வருது. பதினாறாவதுல மட்டும் முப்பதுன்னு வருது. அதோட நின்னுடுது. மூணு நாளும் அப்படித்தான் சார்.”

போர்டை அழுத்தி வைத்தாயா என்று கேட்டேன். அவள் வாயைத் திறப்பதற்குள், கையில் எண்ணெய் இருந்ததா என்று கேட்டேன். அதற்கும் அவள் பதில் சொல்வதற்குள், தேவகிக்கு ஏன் வரவில்லை, அதைச் சொல் என்றேன். அவள் சீட்டுக் கட்டைப் பிடித்தபடி நின்றாள். மிஷின் பொய் சொல்லாது, ஒழுங்காக வேலையைப் பார் என்று சொல்லிவிட்டு நான் டீ குடிக்கப் போனேன்.

வியாழக்கிழமை அவளுடைய போர்டுகள் ஒன்றுகூடச் சிவப்பு ட்ரேக்குப் போகவில்லை. திட்டினால்தான் சரிவருகிறார்கள் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டேன். சாயங்காலம் ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிற கிருஷ்ணம்மாள் போர்டையும் சீட்டையும் சரிபார்த்தபோதுதான் வினை வந்தது. சீட்டில் பதினாறு அதிகம். பதினாறிலும் பாஞ்சாலையின் எழுத்து, பதினாறிலும் எர்ரர். அந்தச் சீட்டுகளுக்கான போர்டுகள் எங்குமே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை பையைக் கொட்டியது அதனால்தான். கெட்டுப்போன போர்டுகளை மறைத்து வெளியே கடத்திவிட்டாள் என்று முதலாளி சொன்னார். பாஞ்சாலை அழவில்லை. முதலாளியைப் பார்த்துச் சொன்னாள்.

“போர்டே வைக்கல முதலாளி. வெறும் ஜிக்கை ஓட்டினேன். அந்த மிஷினு உள்ள இன்னாமோ பழசு பாக்கி வெச்சிகினு இருக்குது. அத்த மொதல்ல கக்கட்டும்னு ஓட்டினேன். முப்பது வந்ததுக்கு அப்பாலதான் போர்டு வெச்சேன்.”

முதலாளி என் பக்கம் திரும்பி, அப்படி நடக்குமா என்று கேட்டார். அந்தப் பதினாறு சீட்டிலும் அளவுகள் எல்லாம் பூஜ்யமாக இருந்தன. வெறும் ஜிக்கை ஓட்டினாலும் பூஜ்யம்தான் வரும், செத்த போர்டை வைத்தாலும் பூஜ்யம்தான் வரும். ஒரு நிமிஷம் நின்று யோசித்திருக்கலாம். பத்தாவது படித்தவள் என் புரோகிராமில் குற்றம் கண்டுபிடிப்பதா என்ற ஆத்திரம்தான் எனக்கு முந்திக்கொண்டு வந்தது.

“சான்ஸே இல்ல முதலாளி,” என்றேன்.

நாளை ஒன்பது மணிக்குள் பதினாறு போர்டும் வரவேண்டும், இல்லையென்றால் போலீசில் எழுதிக் கொடுத்துவிடுவேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். திருடி என்ற பெயரோடு வெளியே போனால் ஆரணியில் எந்த ஷெட்டிலும், எந்தத் தறியிலும் அவளை நுழைய விடமாட்டார்கள். அது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். அவள் பல்பப் பெட்டியைப் பொறுக்கி, துடைத்து, பையில் வைத்துக்கொண்டு போனாள்.

அன்று மதியம் எனக்கு உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. ‘பாக்கி வெச்சிகினு இருக்குது’ என்று அவள் சொன்னது காதிலேயே இருந்தது. இரண்டு தடவை டீக்கடைக்குப் போனேன், இரண்டு தடவையும் பாதி டம்ளரை வைத்துவிட்டுத் திரும்பினேன். கடைசியில் முதலாளியிடம் போய் மீட்டரின் புத்தகத்தைக் கேட்டேன். விலை உயர்ந்த பொருள் என்று அதை அவர் இரும்பு பீரோவில் ஜரிகைக் கட்டுகளோடு பூட்டி வைத்திருந்தார். புரோகிராம் எழுதுவதற்காக முதல் முப்பது பக்கத்தை மட்டும் நான் பார்த்துக் கையால் எழுதி வைத்திருந்தேன். மீதியைக் கேட்டு வாங்கக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

கடைசிப் பக்கங்களில் எர்ரர் பட்டியல் இருந்தது. நாற்பத்தொன்று: கேட்ட கேள்விக்குப் பதில் தயாராக இருக்கிறது, அதை வாங்காமலே அடுத்த கேள்வி வந்துவிட்டது. பழைய பதிலைத் தூக்கிப்போட்டாயிற்று.

என் புரோகிராம் ஒவ்வொரு பதிலையும் வாங்கிய பிறகுதான் அடுத்ததைக் கேட்கும், அப்படித்தான் எழுதியிருந்தேன். யார் எந்தப் போர்டை எப்படி வைத்தாலும் அதில் நாற்பத்தொன்று வர வழியே இல்லை. கையால் தட்டுகிறவன் பொறுமையில்லாமல் தட்டினால்தான் வரும். ஷெட்டில் கையால் தட்டுகிறவன் நான் ஒருவன்தான்.

அடுத்த பக்கத்தில் மீதியும் இருந்தது. நடந்த தவறுகளை மீட்டர் உடனே சொல்வதில்லை. வந்த வரிசையில் உள்ளே அடுக்கி வைத்துக்கொள்ளும், யாராவது கேட்டால் இருப்பதிலேயே பழையதை எடுத்துக் கொடுக்கும். ஒரு தடவை கேட்டால் ஒன்றுதான். பதினாறுக்கு மேல் இடமில்லை. நிரம்பிய பிறகும் தவறு வந்தால், பதினாறாவது இடத்தில் இருப்பதை அழித்துவிட்டு அங்கே முப்பது என்று எழுதிவைக்கும். இனி இடமில்லை என்று அர்த்தம். என் புரோகிராமோ ஒரு போர்டுக்கு ஒரு தடவைதான் எர்ரரைக் கேட்டது. ஆக, காலையில் நான் அடுக்கிவிட்டுப் போன தவறுகளைப் பாஞ்சாலை ஒவ்வொரு போர்டாக வாங்கித் தன் பெயரில் அச்சடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். மதியம் தேவகி வரும்போது அடுக்கு காலி.

தவறு நேர்ந்தால் மீட்டரின் முகப்பில் எள்ளளவு சிவப்பு விளக்கு ஒன்று எரியும் என்றும் புத்தகத்தில் போட்டிருந்தது. நான் அப்படி ஒரு விளக்கைப் பார்த்ததே இல்லை. போய்ப் பார்த்தேன். ஆயுத பூஜைக்குக் கிருஷ்ணம்மாள் வைத்த சந்தனப் பொட்டு, மேலே குங்குமத்தோடு, சரியாக அந்த இடத்தில் காய்ந்து ஒட்டியிருந்தது. பூஜைப் பொட்டைத் துடைக்கக்கூடாது என்று எல்லோரும் அதைச் சுற்றித்தான் தூசி தட்டிக்கொண்டிருந்தோம். நகத்தால் சுரண்டி எடுத்தேன். மீட்டரை அணைத்துப் பழையதை அழித்துவிட்டு, காலையில் தட்டுவது போலவே தட்டினேன். வோல்டேஜ் கேட்டேன், பதிலை வாங்காமல் கரண்ட் கேட்டேன். விளக்கு எரிந்தது. இருபது முப்பது தடவை அப்படியே செய்துவிட்டு, ஜிக்கில் போர்டு வைக்காமல் பட்டனை அழுத்தினேன். பதினைந்து நாற்பத்தொன்று, ஒரு முப்பது, அப்புறம் பூஜ்யம். புத்தகம் இல்லாமலே அவள் இதைக் கண்டுபிடித்திருக்கிறாள்.

முதலாளியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவருடைய சட்டப்படி இனி பழுது என்னுடையது, என்ன சொல்வாரோ என்று பயந்துகொண்டுதான் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார்.

“இவ்ளோதானா? மிஷின் தப்பு. அந்தப் பொண்ணு நாளைக்கு வந்தா கூப்புட்டு வேலைக்கு உக்கார வெச்சிடு. நாளைக்கே இன்ஸ்பெக்டரும் வர்றாரு, இத்தப் பேசி பேஜார் பண்ணாத.”

அவளுடையதாக இருந்தபோது திருட்டு, என்னுடையதானதும் மிஷின் தப்பு. அது எனக்கு உறைத்தது. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும், அந்த நேரத்தில் உறைத்ததைவிட நிம்மதிதான் அதிகம். பெங்களூர் வேலை தப்பித்தது என்றுதான் முதலில் நினைத்தேன்.

சனிக்கிழமை எட்டே முக்காலுக்குப் பாஞ்சாலை தனியாக வந்தாள். உள்ளே வராமல் கேட்டுக்கு வெளியே நின்றாள். நான் ஓடிப்போய், எல்லாம் சரியாகிவிட்டது, மிஷின் தப்புதான், வா, வேலையைப் பார் என்று மூச்சு விடாமல் சொன்னேன்.

“மிஷின் தப்பா சார்?” என்றாள்.

பதில் சொல்லாமல் தப்பிக்கலாமா என்று பார்த்தேன். அவள் கண்ணை எடுக்கவில்லை. என் தப்புதான் என்றேன். காலையில் நான் தட்டியது உன் சீட்டில் வந்துவிட்டது என்றேன்.

அவள் கேட்டைத் தாண்டவில்லை. “எல்லார் எதிர்லதான் சார் என் பைய கொட்டினாங்க. இத்தயும் எல்லார் எதிர்லயும் சொல்லுங்க. அப்பால உள்ள வரேன்.”

நான் ஏதோ சொல்ல வாயெடுக்கும்போதே இன்ஸ்பெக்டரின் ஜீப் வந்து நின்றது. இறங்கியதும் என் தோளைத் தட்டி, பெட்டி கட்டியாச்சா வேணு என்றார். முதலாளி வாசலுக்கே வந்து அவரை அழைத்துப் போனார். போகும்போது பாஞ்சாலையைக் கண்ணால் காட்டி, அப்புறம் என்று எனக்குச் சைகை செய்தார். நான் அவர்கள் பின்னால் போனேன். அவள் கேட்டைத் தாண்டி ஷெட் வாசல் வரைக்கும் வந்து நின்றாள்.

இன்ஸ்பெக்டருக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். டெஸ்ட் பெஞ்சில் உட்கார்ந்து அந்த வாரத்துச் சீட்டுகளைப் புரட்டினார். நாற்பத்தொன்றுகள் கட்டுக்கட்டாக வந்தன. இந்த எழுத்து யாருடையது என்று கேட்டார். பெண்கள் எல்லோரும் சால்டரிங் கம்பியை வைத்துவிட்டு நிமிர்ந்தார்கள்.

“ட்ரெய்னி சார். கை சரியில்ல. நிறுத்தியாச்சு,” என்றார் முதலாளி.

வாசலில் நின்றவளுக்கு அது கேட்டது. என்னை அவள் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூட நான் தலையைக் குனிந்துகொண்டு தப்பித்திருப்பேன். எனக்குள் எதுவோ பொறுக்காமல் போய்விட்டது. நான் பேச ஆரம்பித்தேன். மீட்டர், மெமரி, வரிசை, புரோகிராமில் ஒரு கேள்வி, பதினாறு இடம் என்று இங்கிலீஷும் தமிழுமாகக் கொட்டினேன். இன்ஸ்பெக்டருக்குப் புரிந்தது, முகம் மாறியது. மற்றவர்கள் யாருக்கும் ஒரு எழுத்து புரியவில்லை.

“எல்லாருக்கும் புரியற மாதிரி சொல்லுங்க சார்,” என்று வாசலிலிருந்து குரல் வந்தது.

முதலாளியின் பார்வை என் முதுகில் குத்தியது. நான் பெண்கள் இருந்த பக்கம் திரும்பினேன்.

“பாஞ்சாலை எதையும் எடுக்கல. அந்தப் பதினாறு போர்டு இருந்ததே இல்ல. திங்கக்கிழமைலேர்ந்து வந்த எர்ரர் எல்லாம் நான் காலைல வந்து செஞ்சது. அவங்க அத்தக் கண்டுபிடிச்சி எங்கிட்ட வந்து சொன்னாங்க. நான் கேக்கல. நேத்து முதலாளி கேட்டப்ப சான்ஸே இல்லன்னு சொன்னதும் நான்தான்.”

நேற்றுப் பையைக் கொட்டிய கிருஷ்ணம்மாள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். முதலாளி வெளியே போய்விட்டார். இன்ஸ்பெக்டர் தன் நோட்டை எடுத்து நெடுநேரம் எழுதினார். இந்த வாரத்து போர்டு மொத்தத்தையும் மறுபடி ஓட்டிக் காட்டாமல் ஒன்றுகூடப் பெங்களூருக்கு வரக்கூடாது என்றார். இப்படி ஒரு மீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு எர்ரர் பட்டியலைப் படிக்காத ஆளை அவர் இதுவரை பார்த்ததில்லை என்றும் சொன்னார். பெட்டி கட்டுவதைப் பற்றிப் பிறகு அவர் பேசவே இல்லை.

பாஞ்சாலை உள்ளே வந்தாள். எனக்கு நன்றி சொல்லவில்லை, திட்டவும் இல்லை. சீட்டுக் கட்டை எடுத்து மேலே இருந்த எண்ணைக் காட்டினாள்.

“நாப்பத்தொண்ணுன்னா இன்னா சார்?”

இதை மட்டும் நான் அவசரப்படாமல் சொன்னேன். ஒரு கேள்வி கேட்டுவிட்டு, அதற்கான பதிலை வாங்குவதற்குள் அடுத்ததைக் கேட்பது. வந்த பதில் வீணாகப் போவது.

“இத்தச் சொல்றதுக்கு மிஷினு எதுக்கு சார்?” என்றாள் பாஞ்சாலை. “என்னைக் கேட்டிருந்தா புதன்கிழமையே நான் சொல்லியிருப்பேன்.”

சொல்லிவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.